மூச்சு விடாத வண்டி

என் அக்கா பேய்க் கதை படிக்கமாட்டாள். யாராவது சொல்ல ஆரம்பித்தாலும், "வேலையில்லாதவங்க பேச்சு" என்று எழுந்து போய்விடுவாள். அவள் நம்புவது இரண்டே இரண்டைத்தான். ஒன்று தன் மூக்கு. இன்னொன்று மீட்டரில் வரும் எண். அப்படிப்பட்டவளுக்குத்தான் இது நடந்தது. அதுவும் பட்டப்பகலில். என்னிடம் சொன்னபோது அவள் ஒரு சொல்லைக்கூடக் கூட்டிச் சொல்லவில்லை. நானும் கூட்டப் போவதில்லை. நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

அக்காவுக்கும் அத்தானுக்கும் சொந்தமாக ஒரு சைலன்சர் கடை இருந்தது. பஸ்கள் திரும்புகிற மூலையில், டயர் கடைக்குப் பின்னால். தகரக் கூரை, வண்டியைத் தூக்கிப் பார்க்க ஒரு லிஃப்ட், ஒரு வெல்டிங் மேடை, சுவர் முழுக்கத் தொங்கும் துருப்பிடித்த குழாய்கள். வெல்டிங் அத்தான் வேலை. வண்டிக்கு என்ன நோய் என்று கண்டுபிடிப்பது அக்கா வேலை. எஞ்சின் பக்கம் டிக் டிக் என்று சத்தம் வந்தால் எந்த மூட்டில் கசிகிறது, புகை வெள்ளையாக வந்தால் என்ன, கறுப்பாக வந்தால் என்ன என்றெல்லாம் வண்டி கேட்டைத் தாண்டும்போதே சொல்லிவிடுவாள். அதனால் கடையில் அவளுக்குப் பெயரே 'மூக்கு'. அத்தானும் அப்படித்தான் கூப்பிடுவார். ஆரம்பத்தில் அது செல்லமாக இருந்தது. கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் செல்லம் எங்கோ உதிர்ந்துபோய்ப் பெயர் மட்டும் மிஞ்சியது. இரண்டு முறை வயிற்றில் குழந்தை தங்கியது. இரண்டு முறையும் நிலைக்கவில்லை. அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். வாய் திறக்காமலே குத்தத் தெரிந்த வீடு அது.

அன்றைக்குக் காலையிலிருந்து மழை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அக்காவின் கொழுந்தன் ஒரு காப்பி நிறக் காரை ஓட்டிக்கொண்டு வந்தான். அத்தானின் தம்பி. பழைய கார்களை வாங்கி, பளபளப்பாக்கி, விற்கிறவன். பேச்சில் தேன் சொட்டும். செத்த மாட்டைக்கூடச் சினைமாடு என்று விற்றுவிடுவான் என்று எங்கள் அம்மா சொல்வாள்.

"அண்ணி, இதுக்கு உங்க மூக்குதான் வேணும்."

"என்ன பண்ணுது?"

"மூச்சு விடமாட்டேங்குது. ஆக்சிலேட்டர் மிதிச்சா திணறுது. உள்ள புகை வாடை வேற. ஒரு மணி நேரம் ஓட்டினா தலை பிளக்குது."

"எங்க வாங்கின?"

"அது எதுக்கு? நாளைக்குக் காலைல ஆள் வராங்க. புருஷன், பொண்டாட்டி, ஒரு சின்னப் பொண்ணு. அதுக்குள்ள சரி பண்ணிக் குடுங்க."

அத்தானும் அவனும் இன்னொரு வண்டி பார்க்கக் கிளம்பினார்கள். "அரை மணி நேரத்துல வந்துடறோம் மூக்கு" என்றார் அத்தான். போனவர்கள் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் போனார்கள், மழை உள்ளே அடிக்காமல் இருக்க.

அக்கா வேலையை ஆரம்பித்தாள்.

முதலில் வண்டியை லிஃப்டில் தூக்கினாள். எஞ்சினை ஓடவிட்டு, வால் குழாயைத் துணியால் அடைத்துப் பிடித்து, மூட்டுக்கு மூட்டு சோப்புத் தண்ணீர் தெளித்தாள். கசிவு இருந்தால் குமிழி வரும். ஒரு குமிழியும் இல்லை. கரி படிந்த தடம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தாள். இல்லை. டிக்கிக்கு அடியில் மட்டும் புதுத் தகடு ஒன்று ஒட்டுப் போட்டிருந்தது. துருப்பிடித்த தரையை யாரோ வெட்டி எடுத்துவிட்டு ஒழுங்காக வெல்டிங் வைத்திருந்தார்கள். ஊசி நுழைய இடமில்லை. அப்படியென்றால் உள்ளே புகை வாடை எப்படி வருகிறது?

சைலன்சர் பெட்டியை ரப்பர் சுத்தியால் தட்டினாள். உள்ளே ஏதாவது உடைந்திருந்தால் கலகலவென்று ஆடும். ஆடவில்லை. வால் குழாயில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். எஞ்சின் ஓடுகிறது... ஆனால் காற்று கைக்கு எட்டவே இல்லை. நடுவில் எங்கோ அடைப்பு. சந்தேகமே இல்லை என்று நினைத்தாள்.

வண்டியைக் கீழே இறக்கினாள். புகை மீட்டரின் குழலை வால் குழாய்க்குள் செருகினாள். அந்த மீட்டரில் மூன்று எண்கள் வரும். ஆக்சிஜன் எவ்வளவு, கரியமிலவாயு எவ்வளவு, ஆளைக் கொல்லும் மோனாக்சைடு எவ்வளவு. மூன்றையும் குறித்துக்கொண்டாள். எல்லாம் சாதாரணம். எஞ்சினை அணைத்தாள். குழாய் ஆறட்டும், பிறகு கழற்றலாம் என்று முகம் கழுவப் போனாள்.

திரும்பி வந்தபோது மீட்டர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. குழலை வெளியே எடுக்க மறந்திருந்தாள்.

ஆக்சிஜன் பதினாறு. கரியமிலவாயு நாலு. மோனாக்சைடு... சுழி.

அக்கா புருவத்தைச் சுருக்கினாள்.

எஞ்சின் அணைந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் குழாய்க்குள் வெறும் காற்று புகுந்திருக்கவேண்டும். வெறும் காற்றுக்கு ஆக்சிஜன் இருபத்தொன்று, கரியமிலவாயு சுழி. மீட்டர் கெட்டுவிட்டதோ என்று குழலை உருவி வெளியே பிடித்தாள். எண்கள் மெல்ல நகர்ந்தன. இருபத்தொன்று... சுழி. மீட்டர் சரியாகத்தான் இருந்தது.

மறுபடி செருகினாள்.

பதினாறு. நாலு.

இந்த எண்களை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றியது. எங்கே? வண்டிப் புகை இப்படி இருக்காது. எந்த வண்டிக்கும் இருக்காது. அவளுக்கு நினைவு வரவில்லை. கை தன்னால் குழலை உருவியது. தன் வாய்க்கு அருகே கொண்டுவந்தாள். பயிற்சிக்குப் போன முதல் நாள் வாத்தியார் எல்லோரையும் இப்படித்தான் செய்யச் சொன்னார்...

ஊதினாள்.

பதினாறு. நாலு.

மனுஷ மூச்சு.

மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. அக்காவுக்கு முதுகில் மட்டும் குளிர்ந்தது. 'லூசாடி உனக்கு' என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டு, வண்டிக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்தாள். வால் குழாயில் உள்ளங்கையை வைத்தாள்.

வெதுவெதுப்பாக, ஈரமாக ஏதோ கையில் பட்டது.

நின்றது.

கையை உள்ளே இழுத்தது. மிக மெதுவாக.

மறுபடி வெதுவெதுப்பு.

கையை உதறி எடுத்து முகர்ந்தாள். அவள் மூக்கு இதுவரை பொய் சொன்னதில்லை. பெட்ரோல் வாடை இல்லை. கரி வாடை இல்லை. காய்ச்சலில் படுத்திருக்கும் குழந்தையின் வாய் வாடை.

ஓடியிருக்கலாம். ஏன் ஓடவில்லை என்று நான் பிறகு கேட்டேன். "சின்ன மூச்சுடா அது. விட்டுட்டு எப்படிப் போறது?" என்றாள்.

மெக்கானிக்குகள் எஞ்சின் சத்தம் கேட்க ஒரு வழி வைத்திருப்பார்கள். நீள ஸ்க்ரூ டிரைவரின் முனையை இரும்பில் அழுத்தி, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக்கொள்வது. டாக்டர் நெஞ்சில் குழாய் வைப்பதுபோல. அக்கா மீட்டர் குழலை மறுபடி வால் குழாய்க்குள் செருகிவிட்டு, முனையைச் சைலன்சர் பெட்டியில் வைத்தாள். கைப்பிடியில் காதை ஒட்டினாள்.

டொக்... டொக்... டொக்...

மெல்லிய தட்டல். விரல் முட்டியால் தட்டுவதுபோல.

பிறகு இருமல்.

பிறகு ஒரு பையன் குரல். ரகசியம் பேசுகிற குரல். சிரிப்பை அடக்கிக்கொண்டு...

"தோத்துட்டீங்களா? வரட்டுமா?"

அக்கா ஸ்க்ரூ டிரைவரை இன்னும் அழுத்தினாள்.

"வரட்டுமா?"

"வா" என்றாள் அக்கா. தன் குரல் தனக்கே கேட்கவில்லை. "வா கண்ணு. வெளிய வா."

பீப்.

மீட்டர்.

ஆக்சிஜன் பதினாலு. மோனாக்சைடு ஏறிக்கொண்டிருந்தது. எஞ்சின் அணைந்தே இருந்தது. சாவி அவள் சட்டைப் பையில் இருந்தது. ஆனாலும் ஏறியது.

பீப். பீப்.

பன்னிரண்டு.

டொக் டொக் டொக் டொக்... இப்போது ஸ்க்ரூ டிரைவர் இல்லாமலே கேட்டது. விளையாட்டுத் தட்டல் இல்லை.

அக்கா பாய்ந்து டிக்கியைத் திறந்தாள்.

காலி.

புதுக் கம்பளம். பசை வாடை. ஒன்றுமில்லை.

தட்டல் நிற்கவில்லை. அவள் கைக்குக் கீழேயே கேட்டது. கம்பளத்தைக் கிழித்தாள். வெறும் தகடு.

பீப் பீப் பீப் பீப்...

டொக்... டொக்...

டொக்...

மீட்டரின் பீப் நின்றது.

ஆக்சிஜன் இருபத்தொன்று. கரியமிலவாயு சுழி.

வெறும் காற்று.

அக்கா வால் குழாயில் கையை வைத்தாள். வெகுநேரம் வைத்திருந்தாள்.

எதுவும் படவில்லை.

அத்தானும் கொழுந்தனும் வந்தபோது அவள் ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். கொழுந்தன் அவளிடம் சாவியை வாங்கிக்கொண்டு, அவளைத் தாண்டிப் போய் வண்டியைக் கிளப்பினான். ஆக்சிலேட்டரை மிதித்தான். எஞ்சின் வெண்ணெயில் வழுக்குவதுபோல ஓடியது. வால் குழாயிலிருந்து புகை தாராளமாக வந்தது.

"பாத்தியாண்ணே! அண்ணி கை பட்டதும் மூச்சு வந்துடுச்சு!"

"நான் ஒண்ணும் பண்ணல" என்றாள் அக்கா. நடந்ததைச் சொன்னாள். ஒன்று விடாமல் சொன்னாள்.

அத்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "மூக்கு போய் இப்ப காதும் போச்சா உனக்கு? மறை கழண்டுடுச்சு."

கொழுந்தன் சிரிக்கவில்லை. அதை அக்கா பார்த்தாள். அவன் கண் ஒரு நொடி டிக்கிப் பக்கம் போய்த் திரும்பியது. பிறகு கிழிந்த கம்பளத்தை இழுத்துச் சரிசெய்தான். "பையன் குரல்னா சொன்னீங்க?" என்று கேட்டான். அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் அந்தக் குடும்பம் வந்தது. நல்ல மாதிரியான ஆட்கள். முதல் கார். அந்தப் பெண் கதவைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். ஐந்து வயதுப் பெண் குழந்தை வண்டியைச் சுற்றிச் சுற்றி ஓடியது. ஆண்கள் எஞ்சினைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அக்கா அந்தப் பெண்ணின் கையைப் பிடித்தாள்.

"இந்த வண்டி வேணாம்மா."

"ஏங்க?"

"உள்ள புகை வருது. குழந்தைக்கு ஆகாது. எங்க வண்டிய நாங்களே வேணாம்னு சொல்றோம், கேளுங்க."

அந்தப் பெண் பயந்து புருஷனைக் கூப்பிட்டாள். அத்தான் முகம் கறுத்தது. மீட்டரை எடுத்துவந்து வண்டிக்குள் வைத்து, எஞ்சினை ஓடவிட்டு, எல்லோருக்கும் காட்டினார். சுழி. அக்காவின் மீட்டர், அக்கா நம்பும் எண்.

கொழுந்தன் அந்தப் பெண்ணிடம் குரலைத் தாழ்த்தினான். ஆனால் அக்காவுக்குக் கேட்கும்படிதான் தாழ்த்தினான்.

"மனசுல வச்சுக்காதீங்க மேடம். எங்க அண்ணிக்கு ரெண்டு குழந்தையும் தங்கல. சின்னப் பசங்களோட யாரையாவது பாத்தா இப்படித்தான். வயித்தெரிச்சல்."

அந்தப் பெண் மெல்லத் தன் கையை விடுவித்துக்கொண்டாள். பிறகு குழந்தையைத் தன் பக்கம் இழுத்து அணைத்துக்கொண்டாள். அக்காவிடமிருந்து.

அக்கா அத்தானைப் பார்த்தாள். ஒரு சொல், ஒரே ஒரு சொல் சொல்வார் என்று பார்த்தாள். அவர் மீட்டரின் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

வண்டி போய்விட்டது.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, காரை வாங்கிய அந்த ஆள் திரும்பி வந்தார். தனியாக. காரைக் கடை வாசலில் நிறுத்திவிட்டு, சாவியைக் கொழுந்தன் மேல் வீசினார். அத்தான் அப்போது குழாய் வாங்க வெளியே போயிருந்தார்.

"என் பொண்ணு தினமும் டிக்கில போய்ப் படுத்துக்கிறாய்யா. தூக்கிட்டு வந்தா அழறா. கேட்டா, அண்ணா உள்ள ஒளிஞ்சிருக்கான், நான் கண்டுபிடிச்சுட்டேன்ங்கிறா. நேத்து உள்ள படுத்து மூடிக்கிட்டா. நான் அப்ப வரலன்னா..." டிக்கியை ஓங்கி அடித்தார். "வண்டியோட பழைய சொந்தக்காரன் வீட்டுக்கே போய்க் கேட்டுட்டு வரேன். இதையா எனக்கு வித்த?"

கொழுந்தன் கொஞ்சமும் அசரவில்லை.

"பையன் செத்தது டிக்கிலதான சார்? சீட்டுல இல்லையே."

அந்த ஆள் அவன் சட்டையைப் பிடித்தார். டயர் கடைக்காரர்கள் ஓடிவந்து விலக்கினார்கள். அந்தச் சத்தத்திலும் அக்கா அவர் எதிரில் போய் நின்றாள். "என்ன நடந்தது? எனக்குச் சொல்லுங்க" என்றாள். அவர் அவளை அடையாளம் கண்டுகொண்டார். தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னார்.

நாலு மாதத்துக்கு முன்னால் நடந்தது. ஏழு வயதுப் பையன். வீட்டில் ஒளிந்து பிடித்து விளையாடியிருக்கிறான். யாரும் நினைக்காத இடம் வேண்டும் என்று கார் டிக்கியில் ஏறி மூடிக்கொண்டிருக்கிறான். வெகுநேரம் ஆளைக் காணோம். தெருவில் தேடினார்கள். பள்ளிக்கூடத்தில் தேடினார்கள். பிறகு அம்மா காரை எடுத்தாள். ஜன்னலை இறக்கி, அவன் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே ஊர் முழுக்கச் சுற்றினாள். நாலு மணி நேரம். அந்தக் கார்தான். அப்போது அது வெள்ளை நிறம். டிக்கித் தரை துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தது. கீழே சைலன்சர் குழாயும் விரிசல் விட்டிருந்தது. பிள்ளையைத் தேடி அவள் மிதிக்க மிதிக்கப் புகை முழுவதும் பிள்ளையிடமே போயிருக்கிறது. 'காணவில்லை' என்று படம் போட்டு அடித்த நோட்டீஸ் கட்டை உள்ளே வைக்க டிக்கியைத் திறந்தபோதுதான் பார்த்திருக்கிறார்கள்.

"அந்தம்மா இப்ப யார்கிட்டயும் பேசறதில்ல" என்றார் அவர். "அவங்க தங்கச்சிதான் சொன்னாங்க. சுத்தும்போது பின்னாடி ஏதோ தட்டற சத்தம் கேட்டுச்சாம். வண்டி வழியில நின்னுடப்போகுதேன்னு ஒரு சைலன்சர் கடையில காட்டினாங்களாம். பஸ் திரும்பற மூலையில..."

அவர் திரும்பினார். தகரக் கூரையைப் பார்த்தார். சுவரில் தொங்கிய குழாய்களைப் பார்த்தார். பிறகு யாரையும் பார்க்காமல், பணத்தைக்கூடக் கேட்காமல், மழையில் இறங்கி நடந்து போய்விட்டார்.

கொழுந்தன் அந்த வண்டிக்கு வேறு நிறம் அடித்து, அடுத்த வாரமே வெளியூர் ஆள் ஒருவருக்குத் தள்ளிவிட்டான். இன்றைக்கும் எங்கோ ஓடிக்கொண்டிருக்கும்.

ஆனால் அந்த ஆள் வந்துபோன அன்று சாயங்காலமே அக்கா வெல்டிங் மேடைக்குப் போனாள். அத்தான் ஒரு குழாயை வெட்டிக்கொண்டிருந்தார். நாலு மாதத்துக்கு முன்னால் அக்கா எங்கள் வீட்டில் சில நாள் தங்கியிருந்தாள். அப்போது கடையில் அவர் மட்டும்தான்.

"என்னங்க... நான் அம்மா வீட்டுக்குப் போயிருந்தப்ப, அழுதுக்கிட்டே ஒரு அம்மா வண்டிய கொண்டுவந்தாங்களா? வெள்ளைக் கலரு?"

அத்தான் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். யோசித்தார்.

"ஆமா, ஒரு பொம்பள வந்துச்சு. பின்னாடி டொக்கு டொக்குன்னு தட்டுதுன்னுச்சு. எங்கேருந்து வருதுன்னு தெரியணுமே... எஞ்சின ஓடவிட்டுக் கீழ படுத்துப் பாத்தேன். கால் மணி நேரம் ஆச்சு. குழாயப் பிடிக்கிற கிளாம்ப் லூஸு. நான் இறுக்க இறுக்க சத்தம் அப்படியே கொஞ்சம் கொஞ்சமா அடங்கிடுச்சு. ஏன், ஏதாவது ரிப்பேர்னு திரும்ப வந்தாங்களா?"

அக்கா அவர் கையிலிருந்த குழாயை வாங்கிக் கீழே வைத்தாள்.

"அந்தம்மாகிட்ட என்ன சொன்னீங்க?"

"என்ன சொல்றது? இனிமே சத்தம் வராது, தைரியமா போங்கன்னேன்."